உஷார்! லாட்ஜில் நடக்குது இன்டர்வியூ

சாகுபுரம், ஆறுமுகநேரிப் பக்கம் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? 'பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்க, உடனே வாங்க' என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால், கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

காஸ்டிக் சோடா ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர் சாகுபுரம். கம்பெனி வேலை என்றால் பெண் கொடுக்கிறவர்கள்கூட ஒரு படி இறங்கி வருவார்கள். போதாததற்கு 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாயிற்று. ஆசை கூடுகிற இடத்தில் தரகன் கடை விரிக்காமல் இருப்பானா?

தெரிந்த பையன் ஒருவனுக்கு, எங்கோ வடக்கே இருக்கும் கம்பெனியின் பேரைச் சொல்லி லாட்ஜ் அறையில் இன்டர்வியூ. காலையில் வரச்சொல்லி, சாயங்காலம் வரை மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. உள்ளே கேட்டது இரண்டே கேள்வி: அப்பா என்ன செய்கிறார், வீடு சொந்தமா. வெல்டிங் படித்தவனிடம் வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை! "செலக்ட் ஆயிட்டீங்க தம்பி. யூனிஃபார்ம், மெடிக்கலுக்கு மட்டும் இப்பவே ஜி.பே. பண்ணிடுங்க. ஒரிஜினல் மார்க் ஷீட்டை வச்சிட்டுப் போங்க." வீட்டைப் பற்றி எதற்குக் கேட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இதுவாவது சில்லறைத் திருட்டு. 2022-இல் ரயில்வே வேலை என்று நம்பி டெல்லி போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேருக்கு மருத்துவப் பரிசோதனை, 'பயிற்சி' எல்லாமே நடந்தது. என்ன பயிற்சி தெரியுமா? புதுடெல்லி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று, வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் தினமும் எட்டு மணி நேரம் எண்ணுவது. ஒரு மாதம் எண்ணினார்கள். பறிபோனது 2.67 கோடி ரூபாய். அவர்களில் இன்ஜினீயரிங் படித்தவர்களும் உண்டு. அதே ஆண்டு, தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போய், மியான்மரில் சைபர் மோசடிக் கும்பலிடம் மாட்டிய 13 தமிழர்கள் அக்டோபரில் மீண்டு சென்னை வந்தார்கள்.

அதனால், வேலை கொடுக்கிறவன் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். டெபாசிட், யூனிஃபார்ம், லேப்டாப் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு 'உண்மையா?' என்று கேட்பது வீண். எடுப்பவன் அவன் ஆள்தான். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்குக் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடாது.

பணம் போய்விட்டதா? நாலு பேருக்குத் தெரிந்தால் கேவலம் என்று மூடி மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். கணக்கு விட்டுக் கணக்கு பணம் தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழியுண்டு.