வண்டியின் முகமும் ஓட்டுநரின் கையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சங்கத்தின் வாசகசாலைக்குச் சென்றிருந்தேன். நாளிதழ்கள் மேசைமீது மடிப்புக் கலையாமல் கிடந்தன. இளைஞர் நால்வர் ஒரு மூலையில் அமர்ந்து, ஒரு கைப்பேசியைச் சுற்றிக் கடும் வாதம் நடத்திக் கொண்டிருந்தனர். கிரிக்கெட் போலும் என்று எண்ணி அருகில் சென்றேன். அதில் இருந்ததோ ஒரு மோட்டார் வண்டியின் படம். வண்டி முழுவதும் கறுப்பும் வெளுப்புமாகச் சுழிகள் வரைந்த தாளால் போர்த்தப்பட்டிருந்தது.

"விளக்கு மேலே போகும்" என்றார் ஒருவர். "இல்லை, பம்பருக்குள் இறங்கும்" என்றார் மற்றவர். "கிரில் இன்னும் பெரிதாகும்" என்பது மூன்றாமவரின் தீர்ப்பு. இன்னும் கடைக்கு வராத வண்டி. வந்தாலும் இவர்கள் வாங்கப் போவதில்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மீதத்தை எண்ணிப் பார்க்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய நானும் வாங்கப் போவதில்லை. ஆயினும் அந்த வாதத்தில் நானும் ஒரு மணி நேரம் கலந்துகொண்டேன் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். மூடிய பொருளைக் கண்டால் உள்ளே என்ன என்று அறிய விழைவது மனித இயல்பு அன்றோ?

இவ்வண்டிகளைப் பற்றி முதலில் இரண்டொரு சொற்கள். லாரியைப் போல் தனிச் சட்டத்தின்மீது உடலை ஏற்றிச் செய்த உயரமான ஜீப் வகை வண்டிகள் முன்பு இருந்தன. ஏறி அமர்ந்தால் பார்வைக்கு வசதி. பயணத்திலோ குலுக்கல் மிகுதி. காரின் அடித்தளத்தின்மீதே உயரமான உடலை அமைத்தால் இரண்டின் நலனும் கிட்டுமே என்று எண்ணியதன் பயனே 'கிராஸ்ஓவர்' என்னும் வகை. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் டொயோட்டா 'ஹாரியர்' என்னும் வண்டி வந்தது. அதுவே 1998-இல் அமெரிக்காவில் 'லெக்சஸ் ஆர்எக்ஸ் 300' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. செல்வர் வீட்டுக் கிராஸ்ஓவர்களுக்கு அது முன்னோடி. பின்னர் ஜெர்மனி, சுவீடன் முதலிய நாட்டாரும் இத்துறையில் போட்டியிட்டனர்.

இத்தகைய வண்டியின் வடிவம் ஒன்றுக்குச் சராசரியாக ஏழாண்டு ஆயுள் என்று கொள்ளலாம். மூன்று நான்கு ஆண்டுகள் சென்றதும் வாங்குவோர் கண்ணுக்கு அது பழசாகிவிடுகிறது. முழுவதையும் மாற்றுவதென்றால் பெரும் பொருட்செலவு. கதவையும் கூரையையும் தகட்டிலிருந்து அழுத்தி வடிக்கும் எஃகு அச்சுகள் பல டன் எடையுள்ளவை. அவற்றைப் புதிதாகச் செய்வது எளிதன்று. பம்பரும் கிரில்லும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. விளக்கோ தனியே கழற்றி மாட்டத்தக்கது. ஆகவே இம்மூன்றையும் சக்கர வடிவத்தையும் மாற்றி, உள்ளே சில திருத்தங்கள் செய்து, 'புதுப்பொலிவு' என்று விற்கிறார்கள். பழைய வீட்டுக்குத் தீபாவளிக்கு முன் வெள்ளையடித்து, வாயிற்கதவை மட்டும் மாற்றுவது போன்ற செயல் இது.

ஊகிப்போருக்கு இந்த உண்மையே திறவுகோல். கதவும் கூரையும் மாறா என்று அறிந்தவர், மாறக்கூடியது எது என்பதைப் பாதி கண்டுபிடித்தவராவார். சோதனைக்காகப் பொதுச் சாலையில் ஓட்டும் வண்டிகளை நிறுவனங்கள் சுழிக்கோலத் தாளால் மூடுகின்றன. அக்கோலம் மேடு பள்ளங்களைக் கண்ணுக்கும் கேமராவுக்கும் தெரியவொட்டாமல் மயக்கும். சில இடங்களில் பொய்த் தகடுகளையும் ஒட்டுவார்கள். ஆனால் இரவில் ஓடும் வண்டி விளக்கை ஏற்றியே ஆகவேண்டும். எஞ்சின் குளிரக் காற்று புகும் வழியையும் அடைத்துவிட முடியாது. சுவீடனின் வடகோடியில் ஆரியெப்லோக் என்னும் ஊரில், உறைந்த ஏரிகளின்மீது குளிர்காலத்தில் நடக்கும் சோதனைகளைப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. ஒளி விழும் இடத்தையும் காற்று புகும் வாயையும் கொண்டு ஊகிப்போர் மறைந்த முகத்தை வரைந்துவிடுகின்றனர்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 'எக்ஸ் 7' என்னும் பெரிய வண்டி 2018 அக்டோபரில் உலகுக்குக் காட்டப்பட்டது. 2021-இல் அதன் திருத்திய வடிவம் போர்வையுடன் ஓடும் படங்கள் வெளிவந்தன. முன்விளக்கு இருந்த இடத்தில் மெல்லிய கீற்றும், அதற்குக் கீழே பம்பர் ஓரத்தில் வேறொரு விளக்கும் இருப்பதாகக் கூர்ந்து நோக்கியவர்கள் கூறினர். 'அந்நிறுவனம் அப்படிச் செய்யாது' என்று மறுத்தவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் 13 அன்று திரை விலகியது. கூறியவர்களின் ஊகமே பலித்தது. பகலில் எரியும் விளக்கும் திரும்பும் சைகையும் மேலே கீற்றாக நின்றன. பாதை காட்டும் பெரிய விளக்கு கீழே கரிய குழிக்குள் இறங்கிவிட்டது. 1933-ஆம் ஆண்டின் '303' என்னும் காரிலிருந்து அந்நிறுவனத்தின் அடையாளமாக விளங்கும் சிறுநீரக வடிவக் கிரில், ஓரங்களில் ஒளிவீசத் தொடங்கியது. சிலர் புகழ்ந்தனர், பலர் முகம் சுளித்தனர்.

நம் நாட்டாருக்கு இப்பிரிந்த விளக்கு புதுமையன்று. 2019 ஜனவரியில் வந்த டாட்டாவின் 'ஹாரியர்' அதே அமைப்பில்தான் வந்தது. ஜப்பானிய வண்டியின் பெயரைத் தாங்கிய வேறொரு வண்டி அது. செல்வர் வண்டியில் நேற்று வந்தது நம் தெருவில் முந்தாநாளே ஓடியது. இன்னொரு செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவது. 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்தத் திருத்திய எக்ஸ் 7, செங்கற்பட்டுக்கு அருகே 2007 முதல் இயங்கும் அந்நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டதேயாகும். இங்கே மும்பைச் சாலையில் அதைக் காணும் நம்மவர், நம் ஊர்ப்பக்கத்துக் கைகள் முடுக்கிய திருகுகள் அதில் உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வளவும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் நம் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்தவர், வயது ஐம்பத்து நான்கு, இந்நகரில் இருபத்தாறு ஆண்டுகளாகச் செல்வர் வீடுகளில் கார் ஓட்டி வருபவர். மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவர் மெல்லச் சொன்னார்:

"தம்பி, எல்லாரும் வண்டியின் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டுகிறவன் கை எங்கே போகும் என்று ஒருவரும் பேசவில்லையே?"

நாங்கள் வாயடைத்துப் போனோம்.

பிறகுதான் அவருடைய கவலை வெளிவந்தது. அவர் முதலாளி ஓர் உயர்தர வண்டி வாங்க எண்ணியிருந்தார். எந்த நிறுவனத்தது என்பது இங்கே வேண்டியதில்லை. 'முகம் மாறப் போகிறது' என்ற ஊகச் செய்திகளைக் கேட்டு, பழைய வடிவத்தை வாங்கினால் விலை இறங்கிவிடுமே என்று எட்டு மாதமாகக் காத்திருக்கிறார். அதில் தவறில்லை. ஆனால் ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "புது வண்டி முழுவதும் திரையாம். உமக்குச் சரிப்படுமா? சின்னப் பையன் எவனையாவது பார்க்கவேண்டியதுதானோ?" என்று சொன்னாராம். சொன்னவருக்கு அது வேடிக்கை. கேட்டவருக்கு எட்டு மாதமாக உறக்கம் இல்லை.

அவர் அச்சம் வீணன்று. முன்சொன்ன எக்ஸ் 7-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அத்திருத்தத்தில் பெரிய மாற்றம் உள்ளேதான் நிகழ்ந்தது. ஓட்டுநர் முன் 12.3 அங்குலத் திரையும் நடுவில் 14.9 அங்குலத் திரையும் ஒரே வளைந்த கண்ணாடியின்கீழ் வந்தன. குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைத்த பொத்தான்கள் பெரும்பாலும் திரைக்குள் புகுந்துவிட்டன. கியர்க் கோல் ஒரு சிறு விசையாகச் சுருங்கிற்று. உள்ளமைப்பைப் பற்றியும் சிலர் முன்கூட்டி எழுதியதுண்டு. ஆயினும் ஊரெல்லாம் பேசியது விளக்கைத்தான். மற்ற நிறுவனங்களின் வண்டிகளிலும் இதே போக்கைக் காண்கிறோம்.

"பொத்தான் என்றால் கண்ணை எடுக்காமல் விரலால் தடவி அறிவேன். கண்டாலா மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து நிற்கும். வளைவைப் பார்ப்பேனா, திரையைப் பார்ப்பேனா?" என்று அண்ணாச்சி கேட்டார். கல்வி அதிகம் இல்லாத ஒருவர் கேட்ட இக்கேள்வியைத்தான் நிபுணர்களும் கேட்டிருக்கின்றனர். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் 'யூரோ என்கேப்' என்னும் ஐரோப்பிய அமைப்பு, 2026 முதல் தன் விதிகளைத் திருத்தியது. திரும்பும் சைகை, அபாய விளக்கு, துடைப்பான், ஒலிப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் விசைகள் இல்லையேல் மதிப்பெண் குறையும் என்பது அத்திருத்தம். கண் சாலையைவிட்டு விலகலாகாது என்பதே அதன் உட்கருத்து.

ஆனால் விதி மாறும்வரை வயிறு காத்திருக்குமா? அன்று வாதிட்ட இளைஞருள் ஒருவர் பொறியியல் மாணவர். அவர், "மாமா, அந்த வண்டியின் கையேடு நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கிறது. நான் தமிழில் எழுதித் தருகிறேன்" என்றார். இரண்டு மாலைகளில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் திரைகளின் படத்தை வரைந்து, 'முதலில் இதைத் தொடுக, பின்னர் இதை' என்று எண்ணிட்டு எழுதிக் கொடுத்தார். விளக்கு மேலே போகுமா கீழே போகுமா என்று கூர்ந்து பார்த்த அதே கண்கள்தாம் இதற்கும் உதவின.

வண்டி வந்தது. அண்ணாச்சி கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அதை நிறுத்தி, சக்கரம் சுழலாமலே மூன்று இரவுகள் பழகினார். அவர் தமக்கென்று ஒரு விதியும் வகுத்துக்கொண்டார்: குளிர், இருக்கை, கண்ணாடி, வழிகாட்டும் படம் ஆகிய அனைத்தையும் வண்டி நகருமுன் சரிசெய்துவிடுவது; நகர்ந்தபின் திரையைத் தொடுவதில்லை. முதலாளி ஏதேனும் மாற்றச் சொன்னால், ஓரமாக நிறுத்திய பிறகே கை வைப்பது. இரண்டு வாரம் கழித்துப் புனே சென்று திரும்பிய முதலாளி, "முன்னைவிட நிதானமாக ஓட்டுகிறீர்" என்றாராம். சின்னப் பையன் பேச்சு பிறகு எழவில்லை.

இதை எழுதும்போது என் உத்தியோகத்திலும் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையின் வந்தே பாரத் வண்டி 2019 பிப்ரவரியில் முதன்முதல் ஓடியது. 2023-இல் அதற்குக் காவி நிறம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், எங்கள் அலுவலகத்தில் பல நாள் நிறத்தைப் பற்றியே வாக்குவாதம். அதே திருத்தத்தில் இருக்கை அதிகமாகச் சாயும், கைகழுவும் தொட்டி ஆழமாகும் என்பவற்றை ஒருவரும் பேசவில்லை. நெடுந்தூரம் அமர்ந்து போகிறவருக்கு எது முக்கியம்?

ஊகிப்பது குற்றம் என்று நான் கூற வரவில்லை. அது காசு செலவில்லாத இன்பம்; கண்ணுக்கும் அறிவுக்கும் நல்ல பயிற்சி. நம் இளைஞர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை போர்வை போர்த்த வண்டியைக் கண்டால், 'முகம் எப்படி இருக்கும்?' என்பதோடு, 'உள்ளே அமர்பவன் கை எதைத் தேடும்?' என்றும் கேளுங்கள். கார் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களுக்கும் ஒரு சொல்: முதலாளி புது வண்டி வாங்கப் போகிறார் என்றால், வாங்குமுன் விற்பனைக் கூடத்தில் அரைமணி நேரம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கக் கூச்சப்படாமல் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் இப்போது நம் வாசகசாலை அலமாரியில் இருக்கிறது. தேவைப்படுவோர் எடுத்துப் படிக்கலாம். வேறு வண்டிகளுக்கும் அவ்வாறே எழுதித் தர அவ்விளைஞர்கள் இசைந்துள்ளனர்.