சம்பூர்: பாதுகாப்புக்கு முடிவுத் திகதி உண்டா?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கிறது சம்பூர். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் குடாவுக்கு அந்தப் பக்கம். விடுதலைப் புலிகளின் கையில் சம்பூர் இருந்த 2006இல், இங்கிருந்து ஏவிய எறிகணைகளுக்குத் துறைமுகம் எட்டும் தூரமாகவே இருந்தது. ஆகவே அன்று அரசு சொன்ன பாதுகாப்புக் காரணம் வெறும் சாட்டு அல்ல. அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் ஊருக்குத் திரும்ப ஏன் இத்தனை ஆண்டு பிடித்தது என்பதே கேள்வி.

என்ன நடந்தது?

2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. இராணுவத் தளபதி சரத் பொன்சேகா படுகாயமடைந்தார். அன்றே சம்பூர் அடங்கிய மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் படையினர் வசமானது. மக்கள் அதற்குள் வாகரைக்கும் மட்டக்களப்புக்குமாக ஓடியிருந்தனர். பின்னர் அவர்களிற் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களின் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தனர்.

2007 மே 30ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, மூதூர் கிழக்கு – சம்பூர் பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகவோ தங்கவோ முடியாது. காணி உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. காணிக்கு மட்டும் போக முடியவில்லை. இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன அடிப்படை உரிமை மனுக்கள், முழு விசாரணைக்கே எடுக்கப்படாமல் அதே ஆண்டு யூலையில் தள்ளுபடியாயின. 2008இல் வலயத்தின் எல்லை சுருக்கப்பட்டது. ஆனாலும் சம்பூர் உள்ளேயே இருந்தது.

பாதுகாப்பு எப்போது வியாபாரமானது?

திருகோணமலையில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைக்க இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்துடன் 2006 டிசெம்பரிலேயே உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. அதற்கான இடமாகப் பிறகு தெரிவானது சம்பூர். போர் 2009 மேயில் முடிந்தது. வலயத்துக்கு அடித்தளமாக இருந்த அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் காலாவதியானது. காணி மட்டும் திரும்பவில்லை. 2012இல் இன்னொரு வர்த்தமானி வந்து, 818 ஏக்கரைக் கனரகத் தொழில் வலயமாக்கித் தனியார் நிறுவனமொன்றுக்கு வழிவிட்டது. துறைமுகத்தைக் காக்க என்று மறித்த நிலம், முதலீட்டுக்கான நிலமாகிவிட்டது.

2015இல் ஆட்சி மாறியதும் அந்த 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாமின் கீழ் எஞ்சியிருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் கைமாறியது. அனல்மின் திட்டமும் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. பாதுகாப்பு நிலைமை 2014க்கும் 2015க்கும் இடையில் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறியது கொழும்பில் இருந்த அரசு.

சட்டத்தில் கடிகாரம் இல்லையா?

இருந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கு மட்டும் என்றுதான் கொண்டுவரப்பட்டது. 1982இல் ஒரு திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. குற்றப்பத்திரம் இல்லாமலே 18 மாதம் வரை தடுத்துவைக்க அச்சட்டம் இடங்கொடுத்தது; 2022இல் அது 12 மாதமாகக் குறைந்தது. இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவுக்கும் மூன்றாண்டு ஆயுள்தான். தமிழக அரசியல் தலைவர் வைகோவை 19 மாதம் சிறையில் வைத்த அந்தச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது.

ஆனால் கடிகாரம் மட்டும் போதாது. இலங்கையின் அவசரகால நிலையை மாதாமாதம் நாடாளுமன்றம் நீடிக்க வேண்டும் என்பது விதி. போர்க்காலத்தில் அந்த வாக்கெடுப்பு வெறும் சடங்காகவே நடந்தது. ‘இன்னும் தேவையா?’ என்று கேட்க வேண்டியவர்களுக்குப் பாதிப்பு இல்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கஞ்சிக்கு ஏன் கைது?

காணி திரும்பியதோடு கதை முடியவில்லை. 2024 மே 12ஆம் திகதி சம்பூர் பொலிஸார் சேனையூரில் நான்கு பேரைக் கைது செய்தனர்; மூவர் பெண்கள். அவர்கள் செய்தது, முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது. அரிசி, தண்ணீர், உப்பு: 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்கால் முற்றுகைக்குள் பலரின் உயிரைப் பிடித்துவைத்தது அதுதான். பொலிஸார் கையில் நீதிமன்றத் தடையுத்தரவு இருந்தது. பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம். சர்வதேச உடன்படிக்கை ஒன்றின்படி குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்க என்று இயற்றிய சட்டம் அது. வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிவிடுவோருக்காக எழுதிய அதன் 3ஆம் பிரிவில் பிணை எடுப்பது மிகக் கடினம். நால்வரும் விளக்கமறியலில் இருந்த பிறகே பிணையில் வந்தனர்.

உள்ளூருக்கு என்ன அதிகாரம்?

மூதூர் பிரதேச சபை வீதி போடலாம், சந்தை நடத்தலாம், குப்பை அள்ளலாம். ஊரின் எந்தப் பகுதி யாருக்குத் தடை என்பதில் அதற்குச் சொல்லே இல்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் காணி, பொலிஸ் அதிகாரங்களை மாகாணத்துக்குத் தருவதாகச் சொல்கிறது. அவை முழுமையாகக் கைமாறவில்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்ததே 2012இல். 2017இல் அதன் காலமும் முடிந்துவிட்டது. கேள்வி கேட்கும் இடத்தில் ஆளே இல்லாவிட்டால் பிரதேச செயலகமும் பொலிஸ் நிலையமும் கொழும்புக்கு மட்டுமே பதில் சொல்லும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தே தேசிய மக்கள் சக்தி 2024இல் ஆட்சிக்கு வந்தது. அதன் இடத்தில் எந்தச் சட்டம் வந்தாலும் பெயரைப் பார்த்து ஏமாறத் தேவையில்லை. ஓர் ஊரை மூடும் உத்தரவில் அது முடியும் திகதி எழுதப்பட்டிருக்கிறதா? அதை நீடிப்பதற்கு முன் அந்த ஊர்ப் பிரதிநிதிகளின் சபையில் காரணம் சொல்ல வேண்டுமா? காரணம் தீர்ந்தபின் அதே நிலத்தை வேறு தேவைக்கு மாற்றத் தடை உண்டா? இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மூதூர் கிழக்கு மக்கள் ஏற்கனவே அனுபவித்ததற்கு மறுபடி கதவு திறந்தே இருக்கும்.