செயின்சா சிற்பியின் 600 டாலர் கரடி: கைக்கு வருவது எவ்வளவு?



"வேலையை விட்டுட்டு பிடிச்ச தொழிலுக்குப் போகலாமா?" என்று கேட்பவர்களிடம் முதலில் ஒரு கணக்கு போடச் சொல்வேன். நமக்குப் பிடிச்ச தொழில்னா ஆசை கணக்கை மறைச்சிடும். அதனால இன்னைக்கு நமக்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத ஒரு தொழிலை எடுத்துக்குவோம்: அமெரிக்காவில் செயின்சாவால் மரச்சிற்பம் செய்வது.

மரம் அறுக்கிற அதே செயின்சாதான். நுனி குறுகலான பார் ஒன்றை மாட்டி, நிற்கிற அடிமரத்தையோ வெட்டிய கட்டையையோ கரடி, கழுகு, ஆந்தை என்று செதுக்குவார்கள். இது 1950-களில் இருந்தே நடக்கிறது. கலிஃபோர்னியாவில் உள்ள 'ட்ரீஸ் ஆஃப் மிஸ்டரி' என்ற சுற்றுலாத் தலத்துக்காக 1961-ல் கென் கைசர் என்பவர் 50 சிற்பங்கள் செய்து கொடுத்தார். இன்று ஓரிகன் மாநிலத்தின் ரீட்ஸ்போர்ட், ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் போன்ற சின்ன ஊர்களில் இதற்குப் போட்டித் திருவிழாவே நடக்கிறது.

பணம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் மூன்று வழி.

1. ஆர்டர் வேலை. வீட்டு வாசலில் பட்டுப்போன மரத்தை முழுசா வெட்டாமல், அடிமரத்தைச் சிற்பமாக்கித் தரச் சொல்வார்கள்.
2. செய்து வைத்து விற்பது. சாலையோரக் கடையிலோ சந்தையிலோ கரடிதான் அதிகம் ஓடும் சரக்கு.
3. திருவிழா. குறிப்பிட்ட நேரத்துக்குள் மக்கள் முன்னால் செதுக்கி, அங்கேயே ஏலம் விடுவார்கள். ஏலத் தொகையில் சிற்பிக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு விழாவுக்கும் மாறும்.

மூன்றுமே மாசம் 1-ஆம் தேதி அக்கவுண்டில் விழும் பணம் இல்லை. கோடையில் ஆர்டர் குவியும், பனிக்காலத்தில் காத்தாடும்.

கரடிக் கணக்கு

இவை புரிவதற்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள். 4 அடி உயரக் கரடி, விலை 600 டாலர், செதுக்க 6 மணி நேரம். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? மணிக்கு 100 டாலர்!

இப்போ செலவைக் கழிப்போம்.

- கட்டை: 60
- பெட்ரோல், செயின் ஆயில், பெயின்ட், சீலர்: 50
- செயின், பார், மெஷின் தேய்மானம்: 40
- ஸ்டால் வாடகை, வண்டிச் செலவில் இந்தக் கரடியின் பங்கு: 90

மொத்தம் 240. மிச்சம் 360 டாலர்.

அடுத்து நேரம். கட்டை ஏற்றி வர, செயினுக்குச் சாணை பிடிக்க, தேய்த்து மெருகேற்ற, வாடிக்கையாளரிடம் பேச, கொண்டுபோய் இறக்க இன்னொரு 6 மணி நேரம். ஆக 12 மணி நேரம். மணிக்கு 30 டாலர்.

இன்னும் முடியலை. அமெரிக்காவில் சம்பளக்காரர் என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்கும் சேர்த்து அவர் 7.65%, முதலாளி 7.65% கட்டுவார்கள். சுயதொழில் செய்பவர் இரண்டு பங்கையும் தானே கட்டணும். நிகர லாபத்தில் 92.35%-ஐ எடுத்து அதற்கு 15.3%. நம்ம 360 டாலருக்கு இது சுமார் 51 டாலர். மிச்சம் 309. மணிக்கு 26 டாலர்கூட இல்லை.

வருமான வரி, ஹெல்த் இன்சூரன்ஸ், ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் இதிலிருந்துதான் போகணும். லீவு எடுத்தா அன்னிக்கு வருமானம் பூஜ்யம்.

கணக்கில் வராத ரிஸ்க்

மரம் காயும்போது வெளிப்பக்கம் முதலில் சுருங்கும், உள்பக்கம் மெதுவாக. அதனால் விரிசல் விழும். விற்று 6 மாசம் கழித்து "வெடிச்சிடுச்சு" என்று போன் வந்தால் சரிசெய்ய ஆகும் நேரத்துக்குக் காசு கிடையாது. அனுபவம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, பராமரிப்புக்குத் தனிக் கட்டணமும் வைக்கிறார்கள்.

பெரிய ரிஸ்க் உடம்பு. வருடக்கணக்கில் அதிர்வு தாங்கிய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும். காதுக் கவசம் இல்லாவிட்டால் கேட்கும் திறனும் போகும். கம்பெனி ஊழியருக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு, தானே காசு கொடுத்து பாலிசி எடுத்திருந்தால்தான் உண்டு.

வரியிலும் ஒரு கண்ணி இருக்கு. 5 வருடத்தில் 3 வருடமாவது லாபம் காட்டினால், அதைத் தொழில் என்றே அமெரிக்க வரித்துறை பொதுவாக எடுத்துக்கொள்ளும். பொழுதுபோக்கு என்று முடிவானால் வருமானத்துக்கு வரி உண்டு, செலவைக் கழிக்க முடியாது. அதனால்தான் கணக்கு எழுதுவதும் அந்தச் சிற்பிக்குத் தொழிலில் ஒரு பகுதி.

சரி, நமக்கு என்ன?

நீங்க போட்டோகிராபி, பேக்கிங், டியூஷன் என்று எதை யோசித்தாலும் இதே கரடிக் கணக்குதான். உங்க பேஸ்லிப்பில் வெறும் வரியாகத் தெரிகிற முதலாளி பங்கு பி.எஃப்., கம்பெனி தரும் மெடிக்கல் இன்சூரன்ஸ், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு லீவு எல்லாத்தையும் நாளைக்கு நீங்களே வாங்கணும். டி.டி.எஸ். பிடித்துக் கட்ட ஹெச்.ஆர். இருக்க மாட்டார். டி.டி.எஸ். போக வருட வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என நாலு தவணையில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். விட்டால் வட்டி.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னாடி மூணு வேலை செய்யுங்க.

1. சனி, ஞாயிறில் குறைந்தது 10 ஆர்டர் முடித்து, ஒவ்வொன்றுக்கும் போன மொத்த நேரத்தை எழுதுங்க.
2. எல்லாச் செலவும் வரியும் போக ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நிற்குதுன்னு பாருங்க.
3. உங்க சம்பளத்தோடு கம்பெனி உங்களுக்காகச் செய்யும் செலவையும் கூட்டி, வேலை நேரத்தால் வகுத்துப் பக்கத்தில் வையுங்க.

இரண்டாவது எண் குறைவாக இருந்தால் கனவைக் கைவிடணும்னு அர்த்தம் இல்லை. விலையை ஏத்தணும், அல்லது இன்னும் கொஞ்ச நாள் சம்பளத்தில் இருந்துகொண்டே தொழிலை வளர்க்கணும். அந்தச் சிற்பியும் 600 டாலர் கரடியை 800-க்கு விற்க முடிகிற அன்றைக்குத்தான் தைரியமா முழுநேரத்துக்கு வரலாம். அதே 12 மணி நேரம், அதே 240 டாலர் செலவு. மணிக்கு எவ்வளவு நிற்கும்? நீங்களே போட்டுப் பாருங்க, கணக்கு பழகிடும்.

அடுத்த பதிவில் பார்ப்போம்!