சிவப்பு விளக்கும் ஜெனரேட்டரும்

போன எபிசோடில் மிக்ஸிங் பத்திப் பேசினப்போ, "கிளிப் ஆனா ஃபேடரைக் குறைச்சா போதாதா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். நேரம் பத்தாமப் போச்சு. அது பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியில நான் நல்லா மாட்டியிருக்கேன்.

ரங்கூன்ல எங்க பெரியப்பா வீடு நாலாவது மாடி. வெள்ளிக்கிழமை பூஜையில அவர் ஆர்மோனியம் வாசிச்சுப் பாடுவார், அத்தான் மிருதங்கம். ரெண்டு வருஷம் முன்னாடி லேப்டாப், ரெண்டு மைக், ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் தூக்கிட்டுப் போய் ரெக்கார்ட் பண்ணேன். கரெண்ட் போச்சு (போகாம இருந்தாத்தான் செய்தி). கீழே நடைபாதையில வரிசையா ஜெனரேட்டர். அந்த இரைச்சலை மீறிக் குரல் கேக்கணும்னு கெயினை ஏத்தினேன். முட்டாள்தனம். கெயின் குரலையும் ஜெனரேட்டரையும் சேர்த்தேதான் ஏத்தும். மைக்கை அவர் பக்கத்துல நகர்த்தியிருக்கணும்: தூரம் பாதியானா குரல் சுமார் 6 டெசிபல் கூடும், இரைச்சல் அப்படியே இருக்கும்.

அவர் மேல் ஸ்தாயிக்குப் போனப்போ இன்டர்ஃபேஸ்ல சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கு. நான் பாட்டுல இருந்தேன், பாக்கல.

கோட் எழுதுறவங்களுக்கு இது சுலபம். 16-பிட் ஆடியோவில ஒரு சாம்பிளோட அதிகபட்ச மதிப்பு 32,767. அதுக்கு மேல வர்ற எல்லாமே 32,767 என்றுதான் பதிவாகும். அலையோட உச்சி கத்தியில வெட்டின மாதிரி தட்டையாகிடும். காதுக்கு அது கரகரப்பு. உள்ளே வரும்போதே வெட்டுப்பட்டா, பிறகு ஃபேடரைக் குறைச்சாலும் அதே தட்டை, சின்னதா.

இத்தனைக்கும் சத்தமா ரெக்கார்ட் பண்ண அவசியமே இல்ல. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 24-பிட்டில உச்சத்தை -12 டெசிபல்ல வச்சா இழப்பு 2 பிட். மீதி 22 இருக்கே!

சரியான பாதி மிக்ஸ்ல இருக்கு. மிக்ஸ் என்பது வெறும் கூட்டல். ஒரே மாதிரி ரெண்டு டிராக்கைக் கூட்டினா 6 டெசிபல் ஏறும். சம்பந்தமில்லாத ரெண்டு டிராக்னா சராசரியா 3. தனித்தனியா ஒழுங்கா இருந்ததெல்லாம் மாஸ்டர்ல சேர்ந்து சிவப்பாகும். ஆனா ஆடாசிட்டி 32-பிட் ஃப்ளோட், ரீப்பர் உள்ளுக்குள்ள 64-பிட் ஃப்ளோட். அங்க பூஜ்ஜியத்தைத் தாண்டினாலும் எண்கள் பத்திரமா இருக்கும், மாஸ்டரை இறக்கினா அலை முழுசா திரும்பி வரும். இறக்காம 16 பிட்டுக்கு எக்ஸ்போர்ட் பண்ணாத்தான் நிஜமா வெட்டுப்படும்.

இந்த ஜனவரியில பெரியப்பா போய்ட்டார். அவர் பாடினதுல உருப்படியா இருக்கிறது அந்த ஒரு ரெக்கார்டிங்தான். ஆடாசிட்டியில "கிளிப் ஃபிக்ஸ்" போட்டுப் பார்த்தேன். வெட்டுப்பட்ட உச்சியை அது ஊகிச்சு வரையுது. ஓரிரு சாம்பிள்னா சரி, ஒரு முழு ஸ்வரத்துக்கு முடியல. அப்புறம்தான் மிருதங்க மைக் ஞாபகம் வந்துச்சு. அதோட கெயின் குறைவு, ஆனா அவர் குரலும் அதுல விழுந்திருக்கு, வெட்டுப்படாம. ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்ததால குரல் 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல தாமதமா வந்திருந்தது. அந்த அளவு முன்னாடி இழுத்து, கெட்டுப்போன இடங்கள்ல மட்டும் ஒட்டினேன். மூணு ராத்திரி ஆச்சு.

கடைசியில லிமிட்டர் போட்டு இன்னும் சத்தமாக்கலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. 2008-ல மெட்டாலிக்காவோட "டெத் மேக்னெட்டிக்" அப்படித்தான் நசுங்கிச்சு. அதே பாட்டுகள் "கிட்டார் ஹீரோ" கேம்ல அதைவிடத் தெளிவா இருக்குன்னு ரசிகர்களே கண்டுபிடிச்சாங்க. இப்போ ஸ்பாட்டிஃபை எப்படியும் சுமார் -14 லஃப்ஸுக்கு இறக்கிடும், அதனால நசுக்கி லாபமில்ல. உச்சத்தை -1 டெசிபல்ல நிறுத்தினேன்.

பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "நடுவுல மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பாடுற மாதிரி இருக்கேப்பா"ன்னாங்க. ஆமா பெரியம்மா, மைக் அங்கதான் இருந்துச்சு.