கொள்ளும் அளவும் தாங்கும் அளவும்

தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், ஆய்வுக்கூட வாயிலில் நின்று நான் ஓயாது கூறியது ஒன்றுண்டு: "மருந்தை அளந்து போடு, கண்மதிப்பை நம்பாதே." ஒரு துப்பாக்கியின் வரலாறு அதன் பொருளை நன்கு விளக்கும்.

1847-ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்ட் என்பார் அமெரிக்கப் படைக்கென 'வாக்கர்' என்னும் சுழல் துப்பாக்கியைச் செய்தளித்தார். அதன் உருளையில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் 60 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 4 கிராம் கருமருந்தைக் கொள்ளும். மருந்து எரிந்து வாயுவாகுங்கால், அவ்வாயு குண்டை முன்னே உந்துவதோடு அறைச்சுவரையும் நெருக்குகிறது. அந்நெருக்கத்தைத் தாங்கும் உறுதி அந்நாளைய இரும்புக்கு எப்போதும் வாய்க்கவில்லை. உருளைகள் சில, சுடுவோர் கையிலேயே வெடித்தன.

ஆகவே, 1848-இல் வெளிவந்த 'டிரகூன்' துப்பாக்கியில் உருளையைக் குறுக்கி, மருந்தின் உச்ச அளவை 50 கிரெய்னாகக் குறைத்தனர். மருந்தின் வகையும் கருதத்தக்கது. பின்னாளில் தோன்றிய புகையற்ற மருந்தை இத்தகைய துப்பாக்கியில் இடுதல் அறவே தகாது. அதன் அழுத்தம் உருளையைச் சிதறடித்துவிடும்.

அறையில் இடம் இருப்பது கண்டு மருந்தை நிரப்பியவர் இடருக்குள்ளானார். அவ்விடத்தையே சிறிதாக்கியவர் பிறரைக் காத்தார். ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கையிலெடுக்கும்போது இதனை நினைவில் வையுங்கள்.