அங்கன்வாடிப் பணியும் ஆண்களும்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பேணும் அங்கன்வாடி மையங்களில் பணியாளர், உதவியாளர் இடங்களுக்குப் பெண்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், உள்ளூர்ப் பெண் ஒருவரே மையத்தை நடத்துவார் என வகுத்தது. ஆகவே இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான காரங்காட்டில், குழந்தைகளிடம் ஈடுபாடுள்ள இளைஞர் ஒருவர் இப்பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இறைவனையே தாயுமானவர் என்றழைக்கும் நாட்டில் இது சற்று முரண்தான்.

இந்திய அரசியலமைப்பின் 16(2) ஆம் பிரிவு அரசு வேலையில் பால் வேறுபாட்டைத் தடுக்கிறது. 15(3) ஆம் பிரிவோ பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. மேலும், அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி அன்று என அமீர்பீ வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் கூறியது. பணியாளர் பெறுவதும் சம்பளம் அன்று, மதிப்பூதியமே. 2018 அக்டோபர் முதல் அதற்கான அடிப்படைத் தொகை மாதம் 4,500 ரூபாய். மாநில அரசுகள் இதற்கு மேலும் தருகின்றன. குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பான கடமை என்ற எண்ணமே ஆணை வெளியே நிறுத்தியது. உள்ளே இருக்கும் பெண்ணின் உழைப்பையும் மலிவாக்கியது.

சிற்றூர்ப் பெண்களுக்குக் கிடைக்கும் சில வேலைகளில் இதுவும் ஒன்று என்பதால், ஆண்களைச் சேர்ப்பதற்கு எழும் மறுப்பில் நியாயம் உண்டு. தனியார் மழலையர் பள்ளிகளில் சட்டத் தடை ஏதுமில்லை. ஆயினும் அங்கே ஆண்கள் பெரும்பாலும் வேன் ஓட்டுநராகவோ காவலாளியாகவோதான் இருக்கின்றனர்.