தொழுவமும் வீடும்: திர்ஸ்க் ஊர் மாட்டு டாக்டர்

ஜேம்ஸ் ஹெரியட் என்று உலகம் அறிந்தவரின் சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆல்ஃப்ரெட் வைட். வீட்டிலும் ஊரிலும் ஆல்ஃப். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள திர்ஸ்க் என்னும் சந்தை ஊரில், 1940 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மாடு, குதிரை, ஆடு, பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. அதுவரை முப்பது ஆண்டுகள் அவர் எழுத்தாளர் அல்ல. இரவு பகல் பாராமல் தொழுவங்களுக்கு ஓடிய மருத்துவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த முப்பது ஆண்டுகளே முக்கியம்.

1916 அக்டோபர் 3 அன்று சண்டர்லேண்டில் பிறந்தவர், சில வாரக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்தார். தந்தை கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. பேசாப் படங்கள் ஓடிய திரையரங்குகளில் பியானோவும் வாசித்தார். தாய் பாடகி, பிற்பாடு தையல் தொழில் நடத்தினார். வைட் முழுக்க முழுக்க நகரத்துப் பிள்ளை. பதின்மூன்று வயதில் ஒரு சிறுவர் பத்திரிகையில் கால்நடை மருத்துவம் பற்றிப் படித்த கட்டுரைதான் அவருடைய வழியைத் தீர்மானித்தது. அவர் வைத்தியம் பார்க்க விரும்பியது நாய்களுக்கு. ஆனால் 1939 டிசம்பரில் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளியே வந்தபோது வேலை கிடைப்பதே அரிது. கிடைத்தது மாட்டு வைத்தியம்.

1940 ஜூலையில் திர்ஸ்க் ஊரின் கிர்க்கேட் தெரு 23-ஆம் எண் வீட்டில் டொனால்ட் சின்க்ளேர் என்ற மருத்துவரிடம் சேர்ந்தார். சின்க்ளேர் விமானப்படையில் சேரப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வந்த சில நாட்களிலேயே தொழில் முழுவதும் புதியவர் தலையில் விழுந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்த சின்க்ளேர், சில மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். 1949-இல் வைட் தொழிலில் முழுப் பங்குதாரரானார். இருவரின் கூட்டு வாழ்நாள் முழுவதும் முறியவில்லை. வைட்டின் புத்தகங்களில் வரும் சிக்ஃப்ரீட் என்ற பாத்திரம் இந்த சின்க்ளேர்தான். அவருடைய தம்பி பிரையன், டிரிஸ்டன் என்ற பாத்திரம் ஆனார்.

அந்த நாளைய மாட்டு வைத்தியம் எப்படிப்பட்டது என்பதைக் கன்று ஈனும் சிக்கல் ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். கன்று இயல்பாக வரும்போது முன்னங்கால்கள் இரண்டும் முதலில் வரும். தலை அவற்றின் மேல் படிந்தபடி பின்தொடரும். தலை பின்னோக்கி மடங்கிக்கொண்டால் பசு எவ்வளவு முக்கினாலும் கன்று வெளியே வராது. மருத்துவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் தோள் வரை சோப்புப் போட்டு, கல் பாவிய தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விடுவார். பசு முக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கை இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் நடுவே நசுங்கும்; விரல்கள் மரத்துப்போகும். முக்கல் ஓயும் அந்தச் சில நொடிகளில்தான் வேலை செய்ய முடியும். கன்றை உள்ளே தள்ளி இடம் உண்டாக்கி, விரலால் தாடையைத் தேடிப் பிடித்து, கயிற்றுச் சுருக்கு மாட்டித் தலையை நேராக்க வேண்டும். யார்க்‌ஷயர் குளிர்காலத்தில், லாந்தர் வெளிச்சத்தில், சில சமயம் இரண்டு மூன்று மணி நேரம் இது நடக்கும். கன்று வெளியே விழுந்ததும் மூக்குச் சளியைத் துடைத்து, மூச்சு வராவிட்டால் வைக்கோலால் நாசியைக் கிளறி, விலாவைத் தேய்த்து, தாயின் முன்னே கிடத்துவார்கள். பசு நக்கத் தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த அழைப்புக்கு அதே ஈரக் கையோடு கார் ஓட்ட வேண்டும். மாட்டுக்கு வயிற்றைக் கீறிக் கன்றெடுக்கும் அறுவை பண்ணைகளில் வழக்கத்துக்கு வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

மருந்துப் பெட்டியிலும் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. பொடிகளையும் கஷாயங்களையும் மருத்துவரே கலக்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். அவற்றில் பல பயனற்றவை என்பது கொடுப்பவருக்கே தெரியும். ஆனால் சில நோய்களில் கண்ணெதிரே பலன் தெரிந்தது. கன்று ஈன்ற மறுநாள் பசு எழ முடியாமல் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) சடாரென்று குறைவதால் வருவது. பழைய காலத்தில் மடிக்குள் காற்றடைத்து அதைச் சமாளித்தார்கள். இரத்தக் குழாயில் கால்சியம் கரைசல் ஏற்றும் முறை வந்த பிறகு, சாகக் கிடந்த மாடு சற்று நேரத்தில் எழுந்து தீனியைத் தேடியது. வயிறு உப்பி மூச்சு முட்டும் மாட்டுக்கு இடது விலாவின் பின்புறம் குழல் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றினால் அந்த நொடியிலேயே உயிர் பிழைத்தது. சல்ஃபா மருந்துகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெனிசிலினும் வந்ததும் மடிநோயும் நிமோனியாவும் பழைய பயங்கரத்தை இழந்தன. ஏர்க்குதிரைகள் மறைந்து டிராக்டர் நிலைபெற்றதும் இதே காலத்தில்தான். ஒரு தொழிலின் பழைய உலகமும் புதிய உலகமும் ஒரே மனிதரின் கைவழியே கடந்துபோயின. வைட் பிற்காலத்தில் எழுதியவை நிலைத்து நிற்க இதுவே பெரிய காரணம்.

1941 நவம்பர் 5 அன்று ஜோன் டான்பரி என்ற பெண்ணை, திர்ஸ்க் ஊர்த் தேவாலயத்தில் மணந்தார். திருமணம் முடிந்து தம்பதி போன இடம் யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் உள்ள கார்பர்பி என்ற சிற்றூர். அங்கே காத்திருந்தது மாட்டுக் காசநோய்ப் பரிசோதனை. பாலின் வழியே குழந்தைகளுக்கும் பரவிய நோய் அது; அதை ஒழிக்கும் திட்டத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் கழுத்து முடியைக் கத்தரித்து, தோல் தடிப்பை அளந்து, டியூபர்குலின் ஊசி போட்டு, மூன்று நாள் கழித்துத் திரும்பப் போய் வீக்கத்தை அளக்க வேண்டும். புது மணமகன் மாடுகளின் கழுத்தைப் பிடிக்க, புது மணமகள் பக்கத்தில் நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் போக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மருத்துவரின் மனைவி என்றால் தொலைபேசிக்குப் பதில் சொல்பவரும் அவரே. நடுச்சாமத்தில் எழுந்து போனவர் எப்போது வருவார் என்று காத்திருப்பவரும் அவரே.

மகன் ஜிம் 1943-இல் பிறந்தபோது வைட் விமானப்படைப் பயிற்சியில் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். மகள் ரோஸி 1947-இல் பிறந்தார். ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாத தொழிலில், பிள்ளைகளோடு இருக்க அவர் கண்ட வழி அவர்களையும் காரில் ஏற்றிக்கொள்வது. நடக்கத் தெரிந்த வயதிலிருந்தே இருவரும் அப்பாவோடு பண்ணை பண்ணையாகப் போனார்கள். படல்களைத் திறந்து மூடினார்கள். கருவிகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஜிம் கால்நடை மருத்துவராகி அதே இடத்தில் தகப்பனோடு வேலை செய்தார். ரோஸிக்கும் அதே ஆசைதான். பெண்ணுக்கு இந்த முரட்டு வேலை வேண்டாம் என்று தகப்பன் அவருடைய மனதைத் திருப்பினார். ரோஸி மனிதர்களுக்கு மருத்துவரானார். பிள்ளை வளர்ப்பில் வைட் எடுத்த முடிவுகளில் விவாதத்துக்கு உரியது இது ஒன்றே.

உடலும் மனமும் இந்தத் தொழிலுக்கு விலை கொடுத்தன. கருவைக் கலைக்கும் கன்று வீச்சு நோய் கண்ட பசுக்களின் கருப்பைக்குள் வெறுங்கையை விட்டு நஞ்சுக்கொடி எடுத்த அந்தத் தலைமுறை மருத்துவர்கள் பலருக்கு அந்த நோய் தொற்றியது. வைட்டும் தப்பவில்லை, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக அது அவரைப் படுத்தியது. 1960-இல் கடும் மனச்சோர்வு பிடித்தது. மின்னதிர்ச்சி சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. ஆனாலும் மறு ஆண்டு ஆடுகளோடு கப்பலில் சோவியத் நாட்டுக்கும், 1963-இல் பசுக்களோடு விமானத்தில் இஸ்தான்புல்லுக்கும் மருத்துவராகப் போய்வந்தார்.

ஐம்பது வயதைத் தொட்ட சமயத்தில்தான் மனைவியின் தூண்டுதலால் முறையாக எழுதத் தொடங்கினார். தனி அறை கிடையாது. இரவில் குடும்பம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அதே கூடத்தில், தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு எழுதினார். மருத்துவர் விளம்பரம் தேடுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்பதால் புனைபெயர் தேவைப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்த ஜிம் ஹெரியட் என்ற கால்பந்து கோல்காப்பாளரின் பெயரை எடுத்துக்கொண்டார். தம் மருத்துவ வாழ்க்கையை வைத்து 1970-இல் முதல் நூல், 1972-இல் இரண்டாவது. இரண்டையும் சேர்த்து அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரே நூலாக வெளியிட்டபோது, நாயகன் மணம் முடிக்கும் அத்தியாயங்களை எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டார். அந்த நூல்தான் அவரை உலகறியச் செய்தது. 1978-இல் இந்த நூல்களைத் தழுவிய பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் திர்ஸ்க்குக்குத் திரண்டார்கள்.

புகழும் பணமும் வந்த பிறகும் வேலையை அவர் விடவில்லை. எழுபதுகளில் பிரிட்டனின் உச்ச வருமான வரி 83 விழுக்காடு. வரிக்குப் பயந்து பல பிரபலங்கள் நாட்டை விட்டுப் போன காலம் அது. வைட் எங்கும் போகவில்லை. பேரப்பிள்ளைகளும் பண்ணைகளும் கிர்க்கேட் வீடும் பக்கத்தில் இருக்க, வரியைக் கட்டிவிட்டு அங்கேயே இருந்தார். எண்பதுகளின் கடைசி வரை சிகிச்சை அளிக்கப் போய்வந்தார்.

1995 பிப்ரவரி 23 அன்று, திர்ஸ்க்குக்கு அருகே திர்ல்பி கிராமத்தில் தம் வீட்டில், புற்றுநோயால் காலமானார். வயது 78. டொனால்ட் சின்க்ளேர் அதே ஆண்டு ஜூனில் இறந்தார். கிர்க்கேட் 23-ஆம் எண் வீடு 1999 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.